அறுபதுக்கு அம்பத்தொம்பது

ஹலோ… அப்பா?… அப்பா, நீங்களா…

ஓ. அம்மாவா. இல்லம்மா, அப்பா நம்பர்ல இருந்து வந்துச்சு, அதான்… இல்ல, ஒண்ணும் ஆகல, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடுச்சு, அவ்வளவுதான். உன் போன் என்ன ஆச்சு?… மாடி வீட்டு அக்கா கையில இருக்கா? எதுக்கு?… என்னத்தப் பாத்துக்கிட்டிருக்காங்க?…

ஆமா, போட்டோ நான்தான் அனுப்பினேன். ஆமா, ஆமா, செவத்துல ஒட்டியிருந்த பேப்பர். பாத்துட்டீங்களா… சரி. பாத்தாச்சுன்னா சரி. நான் வாயால வேற சொல்ல வேணாம்.

இல்லம்மா, உள்ள இல்ல. மேடைக்குப் பின்னாடி, படிக்கட்டுக்குக் கீழ நிக்கிறேன். தொடப்பம், வாளி எல்லாம் வச்சிருக்கிற எடம்… உக்கார முடியாதும்மா, உடம்பு முழுக்கச் சாயம் பூசியிருக்கு, உக்காந்தா நாற்காலியெல்லாம் ஒட்டிக்கும். இந்தப் போனையே பேப்பரச் சுத்தித்தான் புடிச்சிருக்கேன்… எதுக்குச் சாயம்னா… விளக்கு வெளிச்சத்துல சதை எடுப்பாத் தெரியணும்னு… ஆமா, நம்ம நெறத்துக்கு மேல இன்னொரு நெறம். வெளுப்பாத் தெரியணும்னு நீ நாலு வருஷம் என் மூஞ்சில பூசின பவுடரெல்லாம் வீண்தான். விடு.

என்னம்மா சத்தம் அது?… அம்மா, நீ சிரிக்கிறியா, அழுறியா?… சந்தோஷமா? எதுக்குச் சந்தோஷம்?

…யாருக்கு அதிக மார்க்?

அம்மா. ஒரு நிமிஷம் இரு. நீ அந்தப் பேப்பர எப்படிப் படிச்ச?… ஆமா, பதினேழுதான் என் நம்பர்… ஆமா, அம்பத்தொம்பதுதான்… ஆமாம்மா, வேற யாருக்கும் அவ்வளவு இல்லதான். ஒருத்திக்கு ஆறு. ஆமா, வெறும் ஆறு… ஐயோ, நீ அவளுக்காகப் பரிதாபப்படாத! அவளப் பெத்தவ நல்லாத்தான் இருக்கா. முன் வரிசையில உக்காந்து கை தட்டிக்கிட்டிருக்கா.

அம்மா, அதுல ஒரு விஷயம்… இல்ல, நான் சொல்றதக் கேளு… யார்கிட்டச் சொன்ன? மாடி வீட்டுல சொல்லிட்ட. எதிர் வீட்டுல. மருந்துக் கடைக்காரர்கிட்டயா? மருந்துக் கடைக்காரருக்கும் இதுக்கும் என்னம்மா?… மாத்திரை வாங்கப் போனா மாத்திரைய மட்டும் வாங்கிட்டு வர முடியாதா உன்னால?… என்னன்னு சொன்ன?… உடற்பயிற்சிப் பரிட்சையா? அம்மா, இதுக்குப் பேரு ஃபிகர் போட்டி… சரி, சரி, அந்த வார்த்தைய நீ சொல்ல வேணாம். தெருமுனையில நிக்கிறவனுங்க சொல்றதில்ல இது. உடம்போட அமைப்புன்னு அர்த்தம்… சரி, பரிட்சைன்னே வச்சுக்கோ. நான் இப்ப அதுக்குச் சண்டை போடல.

அப்பாகிட்டயுமா?

…அவரே கேட்டாரா? அவர் வாயால?… 'எவ்வளவு'ன்னா?… நீ சும்மா சொல்ற… சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாரா?

…

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். அம்மா, அவர் எங்கிட்டப் பேசிப் பதினோரு மாசமாச்சும்மா. அவரோட பழைய ஸ்டூடண்ட் போன வருஷப் போட்டியில எடுத்த போட்டோவ அனுப்பி, 'சார், இது உங்க பொண்ணா'ன்னு கேட்ட அன்னைக்கு வாய மூடினவர். போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்தாரே, யாரு தூக்கினது? நான்தானே? கொழந்தை மாதிரி என் ரெண்டு கையில இருக்காரு, அப்பவும் உன்னப் பாத்து, 'உன் பொண்ணக் கீழ விடச் சொல்லு'ன்னாரு… சிரிக்காதம்மா. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

ஒரு நிமிஷம்மா, யாரோ கூப்பிடறாங்க… என்னக்கா?… நம்பரா? ஆமாக்கா, குடுத்துடுறேன். இதோ, பேசி முடிச்சதும் குடுத்துடுறேன். அம்மாதான் பேசுறாங்க… ஆமா… ஹலோ, சொல்லும்மா. ஒண்ணுமில்ல, இங்க ஒரு அக்கா, இடுப்புல குத்தியிருக்கிற நம்பர் பேட்ஜத் திருப்பி வாங்க வந்தாங்க… இல்லம்மா, வேற பெரிய பேட்ஜெல்லாம் தர மாட்டாங்க.

இப்பக் கேளு. நடுவுல பேசாத. அது மார்க்கே இல்ல. இங்க ஏழு நடுவருங்க உக்காந்திருக்காங்க. நாங்க நேரா நிப்போம், பக்கவாட்டுல நிப்போம், முதுகக் காட்டுவோம், மறுபக்கம் நிப்போம். ஒவ்வொரு நடுவரும் இவ இத்தனாவதுன்னு ஒரு எண் போடுவாங்க. நல்லா இருந்தா ஒண்ணாவது, அடுத்தவ ரெண்டாவது. ஓட்டப் பந்தயம் மாதிரி வச்சுக்கோயேன். அதையெல்லாம் கூட்டுவாங்க. கூட்டிப் பாத்து யாருக்குக் கம்மியோ… ஹலோ? அம்மா, கேக்குதா? யாருகூடப் பேசுற?… வேணாம், அவங்ககிட்டக் குடுக்காத… அம்மா…

ஹலோக்கா… ஆமாக்கா… தேங்க்ஸ்க்கா… ஆமா, ரொம்பக் கஷ்டம்தான்… கோழி, முட்டை வெள்ளை, அவ்வளவுதாங்க்கா, ஆமா, உப்பில்லாம… உங்க பொண்ணுக்கா? நான் சொல்லிக் குடுக்கிற அளவுக்கு… சரிக்கா. வீட்டுக்கு வந்து சொல்றேன்… வண்டியா? எதுக்குக்கா வண்டி?… அக்கா, அம்மாகிட்டக் குடுங்களேன், கொஞ்சம் அவசரம்…

அம்மா, வண்டி என்ன வண்டி?… நடுவர் என்ன சொன்னாங்களா? கேட்டேன். ரிசல்ட் போட்டதும் தலைமை நடுவர்கிட்டப் போய்க் கேட்டேன். 'அதிகம்'னாங்க… ஒரே வார்த்தை. தோள் அதிகம். முதுகு அதிகம். தொடை அதிகம்… அம்மா, இது பாராட்டு இல்ல! மாடி வீட்டுக்கு ஒலிபரப்பாத! 'எல்லாமே அதிகமாம்'னு நீ சொல்றது எனக்குக் கேக்குது!

அம்மா, தயவுசெஞ்சு… இல்ல, நான் அழல. அழக் கூடாது, சாயத்துல கோடு விழுந்துடும். காலையில இருந்து தும்மக்கூட இல்ல நான். நீ என் பேச்சக் கேட்டாப் போதும்… யாரு? யாரு கேக்குறாங்க போன?…

…

அப்பா?

…

அப்பா. சொல்லுங்கப்பா… ம்… இல்லப்பா, சாப்பிடல… தண்ணியும் குடிக்கல, நேத்து மதியத்துல இருந்து. குடிச்சாத் தோலுக்கடியில நின்னுக்கும், சதை தெரியாதும்பாங்க… ரூல் இல்லப்பா. எல்லாரும் செய்றாங்க, நானும் செஞ்சேன்… சரிப்பா. இப்பக் குடிக்கிறேன். இனிமே குடிக்கலாம். குடிக்கிறேன்.

உங்களுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு?… மாடிப்படி ஏறாதீங்க… ம்… ம்…

…எத்தனைக்குன்னா? எத்தனைக்கு அம்பத்தொம்பதுன்னா… அறுபதுக்குப்பா.

…

அப்பா! அதே கேள்வியா? ஏழாங்கிளாஸ்ல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வாங்கிட்டு ஓடி வந்தேன், அப்பவும் 'அந்த ஒண்ணு எங்க'ன்னுதான் கேட்டீங்க. பேக்கக்கூட எறக்கி வைக்கல நான்… நீங்க சிரிக்கிறீங்களா? அப்பா, நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு…

இல்ல, இருங்க. இப்படிச் சிரிக்காதீங்க. என்னால முடியல. அப்பா, உங்க கண்ணாடி எங்க?… போட்டுக்கோங்க. மாடி வீட்டு அக்காகிட்ட இருந்து அம்மா போன வாங்குங்க. வாங்கிட்டீங்களா? அந்தப் போட்டோவ விரல வச்சுப் பெருசாக்குங்க. பதினேழாம் நம்பருக்கு நேரா படிங்க… ஆமா, எடது பக்கத்துல இருந்து… பன்னெண்டு. ஆமா… பன்னெண்டு… பதினொண்ணு… ஆமா, அடுத்ததும் பன்னெண்டு… போதும்ப்பா. எங்க உயரப் பிரிவுல மொத்தம் எத்தனை பேருன்னு தெரியுமா? பேப்பரோட மேல் பக்கம் பாருங்க, போட்டிருக்கும்.

…ஆமா. பன்னெண்டு பேரு.

…

ஆமாப்பா… ஆமா. நீங்க கணக்கு வாத்தியார், உடனே புடிச்சுட்டீங்க… கடைசிதான்… கம்மியா வாங்கினவதான் முதல். அந்த ஆறு வாங்கினவதான்… எழுதி அனுப்பியிருக்கணும். தப்புதான். எழுத ஆரம்பிச்சேன், 'அம்மா, நான்' வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல வரல. படமா அனுப்பினாப் புரிஞ்சுப்பீங்கன்னு நெனச்சேன். இப்படிப் புரியும்னு தெரியாதுப்பா.

ஏன்னா… அதிகமாம். அம்மா இப்ப ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்காங்களே, அந்த அதிகம்தான்… எவ்வளவு இருக்கணும்னு எங்கயும் இல்ல. ரூல் புஸ்தகத்தக் கரைச்சுக் குடிச்சிருக்கேன். செருப்போட குதி பன்னெண்டு சென்டிமீட்டர், அதுக்கு அளவு இருக்கு. நம்பர் எடது இடுப்புலதான் குத்தணும், அதுக்கும் ரூல் இருக்கு. கம்மல் எவ்வளவு பெருசு, துணி எவ்வளவு மறைக்கணும், எல்லாம் இருக்கு. சதைக்கு வந்தா மட்டும், 'அளவோடு இருக்க வேண்டும்'… அதான்ப்பா! அளவே சொல்லாம என்ன அளவோடு? சதை தெரியணும், வரி வரியாத் தெரியக் கூடாது. வலுவா இருக்கணும், வலு காட்டுற மாதிரி இருக்கக் கூடாது. அப்புறம் பெண்மை கெடக் கூடாது… அதுக்கு அளவா? எந்த டேப் வச்சுப்பா அளக்குறது?

போன வருஷம் இதே தலைமை நடுவர்தான். 'தோள் பத்தலம்மா, அடுத்த வருஷம் வளத்துட்டு வா'ன்னாங்க. நான் வார்டுல ராத்திரி டூட்டி முடிச்சிட்டு நேரா ஜிம்முக்குப் போனேன். ஆஸ்பத்திரில எனக்குப் பேரே கிரேன். ரெண்டு பேரு சேந்து தூக்குற பேஷண்ட நான் ஒருத்தியாத் தூக்குவேன். வளத்தேன். வளத்துட்டு வந்தேன். இன்னைக்கு 'அதிகம்'ங்கிறாங்க. அப்பப் பத்தாததுக்கும் இப்ப அதிகத்துக்கும் நடுவுல எந்த மாசமோ நான் சரியா இருந்திருக்கேன்ப்பா. அந்த மாசம் போட்டி இல்ல.

…

இல்ல, மேல போய் முறையிட யாரும் இல்ல. நடுவர் தீர்ப்பே இறுதின்னு முதல்லயே கையெழுத்து வாங்கிட்டாங்க… வேற பிரிவு இருக்கு, பெரிய உடம்புக்காரங்களுக்கு. அங்க போகச் சொல்றாங்க. அங்க போனா நான் கொசு. இங்க அதிகம், அங்க பத்தாது… யார்கிட்டப்பா சண்டை போடுறது? அவங்க மேலயும் கோவம் வரல. அவங்களும் அந்தப் புஸ்தகத்தத்தான் படிச்சிருக்காங்க.

எது?… எங்க கோடு போட்டிருக்கு?… ஓ, அதுவா. அது ரூல்ப்பா. ஏழு எண்ல ரொம்பப் பெருசு ஒண்ணு, ரொம்பச் சின்னது ஒண்ணு, ரெண்டையும் அடிச்சிடுவாங்க. யாராவது வேண்டியவங்களுக்கு ஒரேயடியாத் தூக்கிப் போட்டா, இல்ல வேணாதவங்களக் கவுத்தா… அதுக்காக. மிச்சம் அஞ்ச மட்டும் கூட்டுவாங்க. அதான் அறுபதுக்கு… ஆமா, எனக்கு ஒரு பன்னெண்ட அடிச்சிருப்பாங்க…

ரெண்டாவது கோடா? அது பதினொண்ணுல இருக்கும்… பதினொண்ணு அடிபடலயா? மூணாவது கட்டத்துல தனியா இருக்கா? அப்ப…

ஒண்ணா?

இல்லப்பா. நல்லாப் பாருங்க. இன்னும் பெருசாக்குங்க. கோடு குறுக்க விழுந்து அப்படித் தெரியும்… அஞ்சாவது கட்டம்… பக்கத்துல எதுவும் இல்லயா? வெறும் ஒண்ணா?…

…

நான் பாக்கல. நான் மொத்தத்த மட்டும்தான் பாத்தேன். பாத்ததும் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, போட்டோ எடுத்தேன், அனுப்பினேன். கட்டம் கட்டமா யாரு பாக்குறா… ஒருத்தர் ஒண்ணு போட்டிருக்காரா? எனக்கா? பன்னெண்டு பேருல என்னயா?…

தெரியலப்பா, யாருன்னு தெரியல. அஞ்சாவது நாற்காலி. நாங்க அவங்கள மொறச்சுப் பாக்கக் கூடாது, நேரா ஒரு புள்ளியப் பாத்துச் சிரிக்கணும். ஆம்பளையா பொம்பளையான்னுகூட ஞாபகம் இல்ல…

என்ன பண்றீங்க, கூட்டுறீங்களா?… அந்த ஒண்ண விட்டுட்டு இன்னொரு பன்னெண்ட அடிச்சிருந்தா… நாப்பத்தெட்டு. ஆமா. நாப்பத்தெட்டுன்னா என்ன எடம்?… கடைசியில இருந்து மூணாவது.

…சிரிப்பு வருதுப்பா. நல்லாத்தான் தேடிக் கண்டுபுடிச்சீங்க. அப்பவும் தேறலயே… ஆமா, ஆமா, நெத்தியடிக் கணக்கு… ம்… குளியலறையில தூக்கினப்பவா? கைய நல்லா இறுக்கிப் புடிச்சிருந்தேன், விட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சா?… பயமே இல்லயா?… இந்தத் தோள் உங்களுக்கு அதிகமாத் தெரியலயா…

அப்பா. இப்ப அதச் சொல்லாதீங்கப்பா. ப்ளீஸ். கோடு விழுந்துடும்.

…

பின்னாடி யாரு அவ்வளவு பேரு பேசுறாங்க?… அம்மா கேக்குறாங்களா? சொல்லிடுங்கப்பா. என் வாயால முடியாது, நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. அவங்க அழுதா ஒரு நிமிஷம் உக்கார வச்சு… அப்பா?… நீங்க என்ன சொன்னீங்க இப்ப? எனக்குக் கேட்டுச்சு…

முதல்னா சொன்னீங்க?

அப்பா! நீங்களா? அரை மார்க் சேத்துப் போடச் சொல்லி ஹெட்மாஸ்டரே வீட்டுக்கு வந்தப்ப வாசல்லயே திருப்பி அனுப்பினவரு நீங்க!… 'பொய் இல்ல'யா? எப்படிப் பொய் இல்ல?… ஒருத்தர் கணக்குல முதல்தானா… இல்லப்பா, அத அடிச்சுட்டாங்க. அடிச்சது கணக்குல வராது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, அடிச்ச விடைக்கு மார்க் கெடையாதுன்னு…

…உங்களுக்கு அந்த ஒண்ணு போதுமா.

…

அப்பா, அந்தச் சத்தம் என்ன? யாரு கெளம்புறாங்க?… வேனா? மாடி வீட்டு அக்கா சொன்னது அந்த வண்டியா? யார் யாரு?… மருந்துக் கடைக்காரருமா? கடைய மூடிட்டா?… அப்பா, வேணாம். கேளுங்க, நாலு மணி ஃபைனல்ல நான் மேடையில இருக்க மாட்டேன். முதல் ஆறு பேருதான். என்னய இப்பவே வெளிய போகச் சொல்லிட்டாங்க. நீங்க எல்லாரும் வந்து என்னத்தப் பாப்பீங்க? நான் உங்களோட கடைசி வரிசையில உக்காந்திருப்பேன், அதையா?… அம்மா அங்க வந்து எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சுக்கிறதவிட இப்பவே… பாத்துக்கலாம்னா எப்படிப்பா பாத்துக்கிறது?… உங்களுக்கு இந்த இடுப்போட வேன்ல ஏற முடியாது, யாரு தூக்கி விடுவா…

எறங்கும்போது நானா? எறங்கும்போது நான் தூக்கணுமா?

…சரி… சரிப்பா. ஆனா அம்மாகிட்ட… அப்பா, ஒரு நிமிஷம், வச்சுடாதீங்க, அம்மாகிட்ட வழியிலயாவது… ஹலோ?… அப்பா?… ஹலோ…

ஹலோ…

வச்சுட்டாரு.

…இல்லக்கா, மறக்கல. இதோ, கழட்டுறேன்… ஆமாக்கா, அப்பா. வர்றாரு… எல்லாரும் வர்றாங்க… அக்கா, இந்த நம்பர… ஒரு மணி நேரம் மட்டும் வச்சுக்கட்டுமா? அவரு வந்து ஒரு தடவ பாத்ததும்… தெரியும், ரூல்தான். தெரியும்… ஆமா. எண்ணிக்கை சரியா இருக்கணும்… ஆமாக்கா.

இந்தாங்க. பதினேழு.

…எங்க? கன்னத்துலயா? ரெண்டு பக்கமுமா… விழட்டும்க்கா. இனிமே பாக்க யாரு இருக்கா.